ஏழு நாளில் ஒரே ஊர்: வடசென்னையிலிருந்து ஒரு வாரக் கனவுப் பயணம், முழு வழிகாட்டி

ஏழு நாள் லீவு என்றால் கையில் நிற்பது ஐந்து பகல்தான். கிளம்புகிற நாளில் பாதி, திரும்புகிற நாளில் பாதி, வந்த அலுப்பில் ஒரு நாள் என்று கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தமான், மேகாலயா, லடாக் என்று பல வருடமாக மனதில் வைத்திருந்த இடத்துக்குப் போய்விட்டு "வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்" என்று சலித்துக்கொண்டு வருகிறவர்கள் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். அவர்களுடைய திட்டத்தில் ஏழு நாளைக்கு ஐந்து ஊர் இருக்கும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே மூன்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு இரவில் தங்கும் இடம் மூன்றைத் தாண்டக்கூடாது. கடல், மலைச்சாலை, உயரம் என எதனால் திட்டம் கெடுமோ அதை வாரத்தின் முன்பாதியில் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் தூக்கிப் போடக்கூடிய ஒரு நாளைக் கடைசியில் வைக்க வேண்டும். ரயிலில் போகும் ஆசையை இந்த ஒரு வாரத்துக்கு ஒத்திப் போடுங்கள். சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லி போகவே ஏறத்தாழ 33 மணி நேரம் எடுக்கும். போகவர என்று பார்த்தால் வாரத்தில் மூன்று நாள் பெர்த்திலேயே போய்விடும்.

இந்த வரம்புக்குள் நமக்கு மிகச் சரியாகப் பொருந்துவது அந்தமான். அதனால் அதை விரிவாகச் சொல்கிறோம். மேகாலயா இரண்டாவது. லடாக் ஏன் ஏழு நாளுக்குச் சரிப்படாது என்பதையும் பார்ப்போம்.

எந்த மாதம்

"அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்ற செய்தியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாம் டிவியில் கேட்டுக்கொண்டே இருப்போம். அந்த நாட்களில் தீவுகளுக்கு இடையே படகு நிற்கும். அதே தாழ்வு நகர்ந்து இங்கே வந்தால் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தெருவில் முழங்கால் தண்ணீர். வீடு நனையுமோ என்ற கவலையோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம்? நவம்பரையும் டிசம்பர் முதல் பாதியையும் விட்டுவிடுங்கள்.

கடல் அமைதியாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அரையாண்டு லீவில் டிக்கெட், அறை எல்லாமே உச்ச விலையில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பரீட்சை முடிந்த ஏப்ரல் பிற்பாதிதான் நல்ல நேரம். காசிமேட்டுக் குடும்பங்களுக்கும் அதுவே வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும். ஆனால் மே நடுவில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்பதால், தடைக்காலத்தின் முதல் மூன்று வாரத்துக்குள் போய் வந்துவிட வேண்டும்.

டிக்கெட்டில் பெயர்

நம் ஊரில் பயணம் சிக்குகிற முதல் இடம் இனிஷியல். ஆதாரில் "செல்வம் மு" என்று இருக்கும், விமான டிக்கெட்டோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். அவசரத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், மூன்றாமவர் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிடுவார். கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். இனிஷியலை விரித்தே ஆக வேண்டும் என்று தளம் கேட்டால் அப்பா பெயரை முழுதாகப் போடலாம். ஆனால் அந்தப் பெயர் அட்டையிலும் எங்காவது இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது என்பதை அந்தந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். பணம் கட்டுவதற்கு முன், ஒருவர் அட்டையை வாசிக்க இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

முன்பதிவில் ஒரு வரிசை உண்டு: விமானம், தீவுப் படகு, அதன் பிறகு அறை. அறையை முதலில் போட்டால், அந்தத் தேதியில் படகில் இடமில்லாமல் போய் அட்வான்ஸ் பணம் கரையும்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்

2021 பிப்ரவரி முதல் விம்கோ நகரிலிருந்து நீல வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே விமான நிலையத்தில் இறங்கலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி என எங்கிருந்தும் ஒரே ரயில். ஆனால் முதல் மெட்ரோ விடியற்காலை ஐந்து மணிவாக்கில்தான் கிளம்பும். பயணத்துக்கும் நடைக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்தால், பாதுகாப்புச் சோதனைக்கு வந்து நிற்கவே ஆறரை ஆகிவிடும். பெட்டி போடும் கவுன்ட்டரை உள்நாட்டு விமானங்களில் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே எட்டு மணிக்கு முந்திய விமானம் என்றால் மெட்ரோவை நம்பாதீர்கள். அந்தமான் விமானங்களில் பல அதிகாலையில் கிளம்புபவை. முந்தின இரவே வண்டி பேசி வையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நடுராத்திரியிலும் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். டிக்கெட்டில் டி1, டி4 எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு முனையம் இரண்டு, தவறான வாசலில் இறங்கினால் பெட்டியோடு நடக்க வேண்டியிருக்கும்.

அந்தமான், நாள் வாரியாக

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. படகு டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார், இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். நம் துறைமுகத்திலிருந்தே பயணிகள் கப்பல் போகிறது, ஆனால் ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஒரு வாரக்காரர்களுக்கு விமானம்தான்.

முதல் நாள் காலையில் இறங்கி, மதியம் வரை ஓய்வெடுங்கள். மூன்று மணிக்குச் செல்லுலார் சிறை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த கட்டடம். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகாகப் பிரிந்து நின்றது, இப்போது மூன்று சிறகுகள்தான் இருக்கின்றன. ஒரு சிறகின் அறை வாசல்கள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். ஒரு அறைக்குள் நின்று கதவின் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். உள்ளிருந்து கை எட்டாதபடி சுவரில் தள்ளிப் பதித்திருக்கிறார்கள். அவசரமாகச் சுற்றினால் இதெல்லாம் கண்ணில் படாது, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டிய பிறகு ஒலி ஒளிக் காட்சி நடக்கும், எந்தக் காட்சி எந்த மொழியில் என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். ஊரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய, தோசைக்கும் சாம்பாருக்கும் பஞ்சமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் பதிய வையுங்கள். நாம் கிழக்கே தள்ளி வந்துவிட்டோம், கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. மாலை ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். சென்னையைப் போல நாலரைக்குக் கிளம்பிக் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து மாலை ஆறுக்குள் அறைக்குத் திரும்பும் விதமாக ஒவ்வொரு நாளையும் அமையுங்கள்.

இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். தனியார் படகு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அரசுப் படகு இரண்டரை. அரசுப் படகில் கட்டணம் குறைவு, ஆனால் சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பது உறுதியில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் தனியார் படகில் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. பயண மயக்கம் வருமா என்ற கேள்வியே வேண்டாம், நாலு பேரில் ஒருவருக்காவது வரும். மேல்தட்டும் முன்பக்கமும்தான் அதிகம் குலுங்கும். கீழ்த்தட்டில் நடுவிலிருந்து பின்பக்கமாக இடம் கேளுங்கள். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்றல் குறையும்.

அன்று மாலையே ராதாநகர் கடற்கரை. தீவின் மேற்குப் பக்கம் என்பதால் அஸ்தமனம் அங்கேதான். மூன்று மணிக்கே போய்விடுங்கள். எண்ணூரிலும் காசிமேட்டிலும் வளர்ந்தவர்களுக்குக் கடல் பயம் இருக்காது, இருந்தாலும் உவர்நீர் முதலை வாழும் தீவு இது. கொடியும் பலகையும் அனுமதிக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஓடையும் கழிமுகமும் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாம் நாள் ஸ்கூபா. நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளரோடு இறங்கலாம், முதல்முறை இறங்குபவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. வயது குறைந்தது பத்து. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் இறங்கக் கூடாது. படிவத்தில் இதையெல்லாம் கேட்பார்கள், பணம் கட்டியாயிற்றே என்று மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் ஒரு மீட்டர் இறங்கும்போதே காதை அழுத்தும். மூக்கை இரு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். "டக்" என்று காது திறந்த பிறகுதான் அடுத்த மீட்டர். வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழிய வாய்ப்புண்டு. சைனஸ் அடைத்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் காது திறக்காது, அதனால்தான் சளியோடு வேண்டாம் என்கிறோம். ஸ்கூபாவை மூன்றாம் நாள் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஆழத்தில் மூச்சிழுக்கும்போது ரத்தத்தில் கூடுதலாக நைட்ரஜன் கரையும். அது வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் வலி கொடுக்கும். கடைசியாக இறங்கியதற்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள். ஸ்கூபா வேண்டாதவர்கள் படகில் எலிஃபன்ட் பீச் போய், முகமூடி மாட்டி மேலே மிதந்தபடியே பவளப்பாறை பார்க்கலாம்.

நான்காம் நாள் நீல் தீவு. சின்னத் தீவு, ஆட்டோவிலேயே சுற்றிவிடலாம். மாலை லக்ஷ்மண்பூர் கரையில் அஸ்தமனம். ஐந்தாம் நாள் காலை இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவு. அது வற்றத்தில்தான் நன்றாகத் தெரியும். தண்ணீர் ஏறியிருந்தால் பாறையில் நடக்கவும் முடியாது, குளத்தில் தங்கும் நட்சத்திர மீனையும் கடல் வெள்ளரியையும் பார்க்கவும் முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் வற்றும். பயணத் தேதி முடிவு செய்யும்போதே நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள், வற்றம் எத்தனை மணிக்கு என்று முந்தின இரவு விடுதியில் கேளுங்கள். செத்த பவளம் பிளேடு மாதிரி வெட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், பட்டை வைத்த செருப்புப் போடுங்கள்.

அன்று மதியமே போர்ட் பிளேருக்குப் படகு ஏறிவிடுங்கள். "இன்னொரு நாள் இங்கேயே இருக்கலாமே" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று கிளம்பினால் படகை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவார்கள். ஐந்தாம் நாள் நின்றால் ஆறாம் நாள் படகு இருக்கிறது. ஆறாம் நாள் நின்றால் ஏழாம் நாள் விமானம் உங்களை விட்டுவிட்டுப் பறந்துவிடும்.

ஆறாம் நாள்தான் நாம் முன்பே சொன்ன, தூக்கிப் போடக்கூடிய நாள். படகு தாமதமானால் இது போகும், ஆகவில்லையென்றால் ராஸ் தீவு. அபர்டீன் படகுத்துறையிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்தான். ஆங்கிலேயர் தலைமையிடமாக இருந்த கட்டடங்களை ஆல வேர்கள் சுவரோடு சுவராக இறுக்கிப் பிடித்திருக்கும், மான்கள் நடந்து வரும். பலரும் இந்த நாளில் பாராதாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகச் சொல்வார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங்கில் வரிசையில் நின்று, வாகன அணிவகுப்போடு ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிற வழி அது. வழியில் வண்டியை நிறுத்துவது, அந்த மக்களைப் படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் தண்டனைக்குரிய குற்றம். "ஜாரவாவைக் காட்டுகிறேன்" என்று சொல்லி வியாபாரம் பேசுகிற எவரிடமும் போகாதீர்கள். அவர்கள் வேடிக்கைப் பொருள் இல்லை. குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு ராஸ் தீவே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஏழாம் நாள் விமானம். கரையில் பொறுக்கிய பவளத் துண்டு பெட்டியில் இருந்தால் ஸ்கேனரில் காட்டிக் கொடுக்கும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளம் பாதுகாக்கப்பட்டது, செத்ததானாலும் எடுத்துவரக் கூடாது. குழந்தைகளின் கால்சட்டைப் பையை முந்தின இரவே பாருங்கள். சங்கு, சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

பணம்: 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு அங்கே இன்டர்நெட் எவ்வளவோ தேறிவிட்டது. இருந்தாலும் தீவுகளில் சிக்னல் போகும்போது யுபிஐயும் போகும். நீல் தீவில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் போர்ட் பிளேரிலேயே எடுத்துவிடுங்கள்.

மேகாலயா

கடல் நமக்குப் பழகியதுதானே, மேகத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது. குவாஹாட்டி வரை விமானம், அங்கிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், நெரிசலோடு மூன்று நான்கு மணி நேரம். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். மழைக்காலத்தில் அருவி பெருகும், ஆனால் மூடுபனியில் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. டௌகியில் படகின் நிழல் ஆற்றுத் தரையில் விழும் படங்கள் எல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் எடுத்தவை. மழைக்காலத்தில் அங்கே ஓடும் உம்ங்கோட் ஆறு கலங்கலாக இருக்கும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு ஷில்லாங்கிலேயே அறை போட்டு, தினம் போய்வருவது. சிரபுஞ்சி என்று நாம் படித்த சோராவுக்கு ஒரு வழியே 54 கிலோமீட்டர் மலைச்சாலை. டிசம்பரில் நாலரைக்கே இருட்டுகிறது. ஷில்லாங் இரண்டு இரவு, சோரா இரண்டு இரவு, டௌகி வழியாகத் திரும்பி குவாஹாட்டியில் கடைசி இரண்டு இரவு என்று பிரியுங்கள். நோங்க்ரியாட்டில் ரப்பர் மரத்தின் உயிருள்ள வேரை ஆற்றுக்குக் குறுக்கே வளர்த்த இரட்டைத்தட்டுப் பாலத்துக்கு டிர்னா கிராமத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். இறங்கும்போது சுலபமாகத்தான் தெரியும், ஏறும்போதுதான் தொடை நடுங்கும். மூட்டு வலிக்காரர்கள் மேலேயே இருந்து நோகலிகை அருவியைப் பார்க்கலாம். முடிந்தவர்கள் கீழே கிராமத்திலேயே ஓர் இரவு தங்கி, காலையில் வெயிலுக்கு முன் ஏறுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிவிடுங்கள். சோறு எங்கும் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும், ஜாதோ என்பது சிவந்த சோறாகத் தெரிந்தாலும் இறைச்சி சேர்த்துச் சமைப்பது.

லடாக்: ஏழு நாளில் வேண்டாம்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் அங்கே இறங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். முதல் 48 மணி நேரம் அறையிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வழியில் டெல்லியில் ஒரு இரவு போகும். இதையெல்லாம் கழித்தால் நூப்ரா பள்ளத்தாக்குக்கும் பாங்காங் ஏரிக்கும் மூன்று பகல்கூட மிஞ்சாது. அந்த அவசரத்தில்தான் இறங்கிய மறுநாளே 5,359 மீட்டர் உயர கார்துங் லா கணவாய் ஏறி, ஆக்சிஜன் வைத்துத் திருப்பி அழைத்து வரும் நிலை வருகிறது. ஒன்பது நாள் கிடைக்கும் வருடத்துக்கு இதை வையுங்கள், ஜூன் முதல் செப்டம்பருக்குள். இருதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் கிளம்ப வேண்டாம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

ஏஜென்ட்டிடம் பேசும்போது

பேக்கேஜ் எடுத்தால் மொத்த விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். படகு தனியாரா அரசா, எந்த வகுப்பு. வண்டி நாள் முழுக்க நம்மோடு இருக்குமா, இறக்கிவிட்டுப் போய்விடுமா. நுழைவுக் கட்டணமும் ஸ்கூபாவும் சேர்ந்ததா. படகு ரத்தானால் கூடுதல் இரவுக்கான அறை வாடகை யாருடையது. விடுதியின் பெயர் என்ன. கடைசிக் கேள்விக்கு "அதே தரத்தில் ஒன்று" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

பை

உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. வீட்டுத் தராசில் 14-க்கு நிறுத்துங்கள், திரும்பும்போது ஈரத்துணி எடை கூட்டும். பவர்பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மிளகாய் ஊறுகாயும் தொக்கும் நேர்மாறு, பெட்டியில்தான் போக வேண்டும், இரண்டு கவர் போட்டுக் கட்டி. கொப்பரை எதிலுமே போகாது, அதில் எண்ணெய் அதிகம் என்பதால் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கு. தினசரி மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள், இரண்டு நாளைக்குக் கூடுதலாக. பெட்டி ஒரு விமானம் தாமதமாக வந்தாலும் அப்பாவின் பிரஷர் மாத்திரை தாமதமாகக் கூடாது.